400 மணி நேரமும் ஒரு வெர்பேட்டிமும்: அமெரிக்க எம்.டிவ் மாணவருக்கு மருத்துவமனைக் களப்பணி

அமெரிக்காவில் எம்.டிவ் (ஆயர் ஊழியத்துக்கான இறையியல் முதுகலைப் பட்டம்) படிக்கப் போகிறவர்கள் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் பயப்படுகிறார்கள். பட்டத்தைத் தள்ளிப்போட வைப்பது பல நேரம் களப்பணிதான். மொழிப் பாடத்தைக் கல்லூரியே நடத்துகிறது. களப்பணிக்கோ வெளியே ஒரு சபையோ மருத்துவமனையோ உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே காலக்கெடு அவர்களுடையது, நேர்காணல் அவர்களுடையது, தடுப்பூசிப் பட்டியலும் அவர்களுடையது.

அமெரிக்க, கனடிய இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏடிஎஸ் அமைப்பின் விதிப்படி, எம்.டிவ் என்பது குறைந்தது 72 செமஸ்டர் கிரெடிட் கொண்ட பட்டம். மேற்பார்வையோடு கூடிய நடைமுறை ஊழிய அனுபவம் அதில் இருந்தே ஆக வேண்டும். அதை நிறைவேற்ற இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று, ஓர் ஆயரின் மேற்பார்வையில் கல்வியாண்டு முழுக்க வாரம் சில மணி நேரம் சபை ஊழியம். மற்றொன்று சிபிஇ எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி. பல கல்லூரிகள் இரண்டையும் கேட்கும். குருப்பட்டம் பெற விரும்பினால் உங்கள் திருச்சபையும் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்க லுத்தரன் திருச்சபையான ஈஎல்சிஏ, ஒரு சிபிஇ யூனிட்டையும் அதற்கு மேல் சபை இன்டர்ன்ஷிப்பையும் கேட்கிறது. ஆகவே கல்லூரியின் களப்பணி அலுவலகத்திடமும் திருச்சபைக் குழுவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் ஏற்பதை மற்றவர் ஏற்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

சபைக் களப்பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் உயிர், தொடக்கத்தில் எழுதும் கற்றல் ஒப்பந்தம். வாரம் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, வாரத்தில் எந்த நாள் ஆயரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, எந்த மூன்று திறன்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிப்ரவரி மாதம் நீங்கள் ஞாயிறு பள்ளியும் நடத்துவீர்கள், பாடல் வரிகளைத் திரையில் போடுவீர்கள், நாற்காலியும் அடுக்குவீர்கள். பிரசங்கம் ஒன்றுகூட செய்திருக்க மாட்டீர்கள். சொந்தச் சபையிலேயே களப்பணி செய்யப் பல கல்லூரிகள் விடுவதில்லை. அங்குள்ள தமிழ்ச் சபை ஒன்றில் செய்ய விரும்பினால், அந்த ஆயரை மேற்பார்வையாளராகக் கல்லூரி ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஆயரிடம் பேசுங்கள். ஆயர் சம்மதித்து, கல்லூரி மறுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இனி சிபிஇ. 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், ஆன்டன் பாய்சன் என்ற போதகர் சில இறையியல் மாணவர்களை நோயாளிகள் நடுவில் கொண்டுபோய் விட்டார். அதற்கு முன் அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். புத்தகங்களைப் படிப்பதுபோல மனிதர்களையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று ஏசிபிஇ என்ற அமைப்பு அங்கீகரிக்கும் ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். அதில் குறைந்தது 100 மணி நேரம் குழு வகுப்புக்கும் தனி மேற்பார்வைக்கும் போகும். மற்றதில் பெரும்பகுதி நோயாளிகளோடு. மருத்துவமனைச் சேப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை தரும் ஊழியராக, சான்றிதழ் பெற விரும்புகிறவர்களுக்கு இப்படி நான்கு யூனிட் வேண்டும். எம்.டிவ் மாணவருக்குப் பெரும்பாலும் ஒன்று போதும்.

கோடைக்கால யூனிட் என்றால் வாரம் 40 மணி, 10 வாரம். கல்வியாண்டோடு சேர்த்துச் செய்தால் வாரம் 16 மணி, 25 வாரம். நிறைய வாசிப்பு உள்ள செமஸ்டரில் இரண்டாவதை எடுக்காதீர்கள். 16 மணி என்பது காகிதத்தில்தான். நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து எழுதும் வெர்பேட்டிமுக்குப் போகும் இரவுகள் அந்தக் கணக்கில் வராது. கோடை யூனிட்டில் வேறொரு ஆபத்து. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் 40 மணி போய்விடும். வார்டில் இழந்த நேரத்தை இரவுப் பணி எடுத்து ஈடுகட்டலாம். தவறவிட்ட குழு வகுப்பை ஈடுகட்டுவது கடினம், ஏனென்றால் குழு உங்களுக்காக மறுபடி கூடாது. நேரப் பதிவை வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்றே எழுதுங்கள். வீட்டிலிருந்தபடி காத்திருக்கும் இரவுப் பணியில் எவ்வளவு நேரம் கணக்கில் சேரும் என்பது மையத்துக்கு மையம் மாறும். முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

கோடைக்கு இடம் வேண்டுமானால் முந்தைய இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். ஜனவரிக்குள் நல்ல மையங்கள் நிரம்பிவிடுகின்றன. விண்ணப்பத்தில் உங்கள் வாழ்க்கை வரலாறு, விசுவாசப் பயணம், நீங்கள் ஒருவருக்கு உதவப் போன ஒரு சம்பவம் ஆகியவற்றை எழுதச் சொல்வார்கள். நம்மவர்கள் இதைச் சாட்சி சொல்வதுபோல எழுதிவிடுகிறார்கள்: பிறந்தேன், பாவியாயிருந்தேன், இரட்சிக்கப்பட்டேன், எல்லாம் ஜெயம். தேர்வு செய்கிறவர் தேடுவது வேறு. உங்கள் அப்பாவோடு உங்களுக்கு என்ன சிக்கல், முதல் மரணத்தை எந்த வயதில் பார்த்தீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை நேராக எழுதத் தெரிகிறதா என்று பார்க்கிறார். உதவிய சம்பவத்திலும் வெற்றிக் கதை வேண்டாம். நீங்கள் தடுமாறிய ஒன்றை எடுத்து, எங்கே தடுமாறினீர்கள் என்று சொல்லுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வளாகத்துக்கு வெளியே ஊதியத்தோடு பயிற்சி என்றால் சிபிடி (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி) அனுமதி வேண்டும். அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்கவும் வேண்டும். கல்லூரியின் டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலர்) அனுமதியைப் பதிவு செய்து புதிய ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்று தருவார். அதில் மருத்துவமனையின் பெயரும் தொடக்க, முடிவுத் தேதிகளும் இருக்கும். தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் வேலையைத் தொடங்கினாலும் விசா நிலை மீறல்தான். முழுநேரச் சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அதே பட்ட நிலையில் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் தற்காலிக அனுமதி, கிடைக்காது. ஊதியமில்லாத யூனிட் என்றாலும் டிஎஸ்ஓவிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரியில் அந்த யூனிட்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்வதும் முக்கியம். பதிவு செய்யாமல் முடித்த யூனிட்டைப் பின்னால் கிரெடிட்டாக மாற்றுவது பெரும்பாடு.

மருத்துவமனை உங்கள் உடல்நலக் கோப்பைக் கேட்கும்: தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான சான்று, காசநோய்ச் சோதனை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இங்கே ஒரு வழக்கமான சிக்கல் உண்டு. குழந்தையில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் தோல் சோதனை ‘பாசிட்டிவ்’ என்று காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். பிசிஜி போட்டிருக்கிறேன் என்று சொல்லி ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிசிஜி அந்த முடிவைப் பாதிக்காது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று ஊசித் திட்டத்துக்கு ஆறு மாதம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உள்ளே போன பிறகு உங்களை மதிப்பிடப்போவது முக்கியமாக வெர்பேட்டிம் வைத்துத்தான். ரஸ்ஸல் டிக்ஸ் என்ற சேப்ளின் 1930களில் நோயாளிகளுக்கான தம் ஜெபங்களையும் உரையாடல்களையும் எழுதிவைக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை இது. ஒரு சந்திப்பில் நீங்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும் வரி வரியாக, நினைவிலிருந்து, எண் போட்டு எழுதுவது. அறையில் குறிப்பெடுக்கக் கூடாது. ஒலிப்பதிவு செய்யவே கூடாது. வெளியே வந்ததும் ஏழெட்டுச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அன்றிரவே முழுதும் எழுதுங்கள். மறுநாள் காலை எழுதினால், நீங்கள் சொன்னதெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதாக மாறியிருக்கும்.

ஒரு கற்பனை வெர்பேட்டிம். மகன் வீட்டுக்கு நியூஜெர்சி வந்திருந்த எழுபது வயதைத் தாண்டிய அம்மா. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். தமிழ் தெரிந்த மாணவர் இருக்கிறார் என்று நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார். ‘சே’ என்பது சேப்ளின் மாணவர், ‘நோ’ என்பது நோயாளி.

சே1: வணக்கம்மா. நான் இந்த ஆஸ்பத்திரியில சேப்ளின் பயிற்சியில இருக்கேன். உட்காரலாமா?
நோ1: உட்காருப்பா. தமிழா நீ? எந்த ஊரு?
சே2: நாசரேத் பக்கம்மா. இப்போ வலி எப்படி இருக்கு?
நோ2: வலி கிடக்கட்டும். (ஜன்னல் பக்கம் திரும்புகிறார்.) மருமக ரெண்டு நாளா வேலைக்குப் போகல. எல்லாம் என்னாலதான்.
சே3: அதெல்லாம் நினைச்சுக் கவலைப்படாதீங்கம்மா. சீக்கிரம் சரியாயிடும்.
நோ3: ம். (பத்து நொடி அமைதி.) ஊருக்குப் போனாப் போதும்.
சே4: டிஸ்சார்ஜ் எப்பன்னு டாக்டர் சொன்னாங்களா?
நோ4: அவங்க சொல்றது எனக்கு எங்க புரியுது? மகன்தான் பேசுவான்.
சே5: உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமாம்மா?
நோ5: பண்ணுப்பா. எல்லாச் சாமியும் ஒண்ணுதானே.

முதல் பார்வைக்கு நல்ல சந்திப்பு. குழுவில் மேற்பார்வையாளர் நேராக நோ2இல் விரலை வைப்பார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி “என்னாலதான்” என்றபோது கதவைத் திறந்தார். சே3 அதைச் சாத்திவிட்டது. ஆறுதலாகத் தோன்றும் அந்த வரி யாருக்கு ஆறுதல்? அந்த அமைதியைத் தாங்க முடியாத மாணவருக்கு. “என்னாலதான்னு சொன்னீங்கம்மா...” என்று அவர் சொல்லையே திருப்பிச் சொல்லி, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சே4 இன்னும் விலகுகிறது. ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் இருந்த ஏக்கம் டிஸ்சார்ஜ் தேதியாகச் சுருங்கிவிட்டது.

நோ4 வேறொரு வகையில் முக்கியம். தனக்கு என்ன சிகிச்சை என்று நோயாளிக்கே புரியவில்லை. இங்கே நீங்களே மொழிபெயர்த்து உதவப் புறப்பட்டுவிடக் கூடாது. ஒப்புதல் படிவமும் மருந்து விளக்கமும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். அவரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. நர்ஸிடம் போய், இவருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்வதுதான் உங்கள் வேலை. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் அதுவாக இருக்கலாம்.

சே5 என்பது வெளியேறும் வழியாக வந்த ஜெபம். நோ5 சம்மதம் மாதிரி தெரிகிறது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாத நம் பெரியவர்களின் மரியாதையாகவும் இருக்கலாம். நோயாளியை மதம் மாற்ற முயல்வதைச் சேப்ளின்களின் நெறிமுறை தடுக்கிறது. அது தெரிந்தும், ஜெபம் தவிர வேறு கருவி கையில் இல்லாததால் பலர் இந்த இடத்துக்கே வருகிறார்கள். “மனசு கனமா இருக்கறப்போ உங்களுக்கு எதும்மா தெம்பு தரும்?” என்று கேட்டிருந்தால், முருகன் படம் ஒன்று தலைமாட்டில் வேண்டும் என்றிருப்பார், அல்லது அக்காவிடம் போனில் பேச வேண்டும் என்றிருப்பார்.

கடைசியில் இறையியல் சிந்தனை என்று ஒரு பகுதி எழுத வேண்டும். இங்கே பொருத்தமான வசனம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். மேலே உள்ள சந்திப்பின் கேள்வி ‘பாரமாக இருப்பது’. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் பவுல், மூன்றே வசனம் தள்ளி அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். சுமக்கிறவருக்குச் சொல்ல நம்மிடம் ஆயிரம் பிரசங்கம் இருக்கிறது. சுமக்கப்படுகிறவரின் வெட்கத்துக்கு என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியை விடையில்லாமல் விட்டால்கூட மேற்பார்வையாளர் குறை சொல்ல மாட்டார்.

வெர்பேட்டிம் எழுதும்போது தனியுரிமை விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் ஆளை அடையாளம் காட்டும் 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது. பெயர், தேதி, பதிவு எண் எல்லாம் அதில் அடக்கம். தமிழ் நோயாளி என்றால் இன்னும் கூடுதலாக யோசியுங்கள். அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் இருபதுதான் என்றால், சொந்த ஊரும் மகனின் வேலையும் எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். வெர்பேட்டிம் கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது பலரைச் சிக்கலில் மாட்டிய பழக்கம்.

குழு வகுப்பில் நம் மாணவர்கள் மீது அடிக்கடி வரும் விமர்சனம், ‘ஒதுங்கியே இருக்கிறார்’. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதது நமக்கு மரியாதை. அங்கே அது பங்கெடுக்காமை. ஒவ்வொரு அமர்விலும் உங்கள் உணர்ச்சியைச் சொல்லும் ஒரு வாக்கியமாவது பேசுங்கள். “நீங்கள் அவசரப்பட்டதாக உணர்கிறேன்” என்பது கருத்து. “நீங்கள் பேசியபோது எனக்கு எரிச்சல் வந்தது” என்பதுதான் உணர்ச்சி. முதல் முறை தொண்டை அடைக்கும், நான்காவது வாரம் பழகிவிடும்.

யூனிட் முடிந்ததும் நீங்கள் எழுதும் சுயமதிப்பீடும் மேற்பார்வையாளரின் மதிப்பீடும் கோப்பில் சேரும். கல்லூரிக்கும் திருச்சபைக்கும் அவற்றை அனுப்ப உங்கள் கையெழுத்திட்ட அனுமதி தேவை. அது இல்லாமல் கிரெடிட் தொங்கும். இரண்டின் பிரதியையும் நீங்களே பத்திரமாக வையுங்கள், பல வருடம் கழித்தும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களிடம் நீங்கள் போகப்போகும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், அடுத்து வருபவர் யார் என்றும் சொல்லுங்கள். கடைசி நாள் மாலை, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அந்த அறைகளுக்கு ஒரு முறை போய் உட்கார நேரம் ஒதுக்குங்கள்.