தாய் கொத்தும் லவ் பேர்ட்ஸ் குஞ்சுகளைக் காப்பாற்றும் முறை

குஞ்சின் பிடரி மொட்டையாகிவிட்டது, முட்டிக்குள் (முட்டையிடக் கட்டிவைத்த பானைக்குள்) இறகு சிதறிக் கிடக்கிறது என்றால் பெட்டை பிடுங்கத் தொடங்கிவிட்டது. தலையிலோ செட்டையிலோ இரத்தம் கண்டால் அன்றைக்கே பிரியுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் குஞ்சு இருக்காது.

குஞ்சுக்கு ஒரு மாதமாகும்போது பெட்டைக்கு அடுத்த ஈட்டுக்கு முட்டையிடும் நினைப்பு வந்துவிடும். அதற்கு முட்டி வேண்டும். வளர்ந்த குஞ்சு உள்ளே இருப்பது பிடிக்காது. அந்த நேரத்தில் பெரும்பாலும் இரை ஊட்டுவது சேவல்தான். அதனால் குஞ்சைத் தூக்கி வேறு கூட்டில் போட்டால் பட்டினி கிடந்து சாகும். தாயின் அலகு எட்டக் கூடாது, தகப்பன் ஊட்டுவது நிற்கவும் கூடாது.

முட்டிக்குள் சின்னக் குஞ்சோ முட்டையோ இல்லையென்றால் முட்டியைக் கழற்றிவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு முடியும். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும் பறவை இது. ஐந்து குஞ்சு என்றால் மூத்ததுக்கும் கடைசிக்கும் ஒரு கிழமைக்கு மேல் வித்தியாசம் வரும், பெரும்பாலும் சின்னது உள்ளே இருக்கும். அப்போது கூட்டை நடுவால் மறித்து, வளர்ந்த குஞ்சை ஒரு பக்கமும், தாய் தகப்பனை முட்டியோடு மற்றப் பக்கமும் விடுங்கள்.

மறிப்புக்கு அரை அங்குலக் கம்பி வலைதான் நல்லது. பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும், வாங்கவே வேண்டாம். புதுக் கம்பியின் நாகப் பூச்சு (துத்தநாகம்) பறவைக்கு நஞ்சு. வினாகிரி போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த மறுகா கட்டுங்கள். கட்டுக்கம்பியின் முனையை வெளிப்பக்கம் மடியுங்கள்.

பலருக்கும் பிழை வருவது அடுத்த வேலையில்தான். வலை கட்டியும் சேவல் ஊட்டவில்லை என்பார்கள். குஞ்சு தரையில் குந்தியிருக்கும், சேவல் மேல்தடியில் நிற்கும். பிறகு எப்படி ஊட்டும்? வலையின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து நாலு விரல் மேலே, வலையை ஒட்டித் தடி வையுங்கள். கொய்யாக் கொம்பு வழுக்காது. குஞ்சு தலையை ஆட்டிக் கத்தும், சேவல் கம்பிக்குள்ளால் அலகை நீட்டி ஊட்டும். பெட்டையும் வந்து குஞ்சின் விரலைக் கடித்தால் சேவலைக் குஞ்சுகளின் பக்கம் மாற்றிவிடுங்கள். சின்னக் குஞ்சுகளைப் பெட்டை தனியே பார்க்கும். அதன் பக்கமும் சாப்பாடு நிறைய வையுங்கள்.

குஞ்சுப் பக்கம் தட்டையான சோசரில் தினை, ஊறி முளைவிட்ட பயறு, அவித்த முட்டை, முருங்கையிலை வையுங்கள். கணவாய் ஓடும் வையுங்கள்; மட்டக்களப்புக் கல்லடிக் கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் போதும். கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும் மாதங்களில் அவித்த முட்டையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள்.

தினையைக் கொறிப்பதைப் பார்த்து 'சாப்பிடப் பழகிவிட்டது' என்று பிரித்துவிடாதீர்கள். சும்மா உமியை உருட்டி விளையாடும். பொழுதுபடும் நேரம் கையில் எடுத்துத் தொண்டைக்குக் கீழுள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்: தினை மணி நெருடி, பை உப்பியிருக்க வேண்டும். சேவல் ஊட்டியதாலும் நிறையும் என்பதால், பகலில் சேவலை அட்டையால் மறைத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நாலைந்து நாள் தொடர்ந்து அப்படியே நிறைந்தால் பிரிக்கலாம். சமையல் தராசு இருந்தால் காலையில் நிறுங்கள். நிறை நாளுக்கு நாள் இறங்கினால் திரும்பத் தகப்பனிடம் விடுங்கள்.

காயத்துக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசுவது நம்ம ஊர்ப் பழக்கம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டைப் பிடிக்காது, குஞ்சு குளிரில் விறைத்துவிடும். கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். ஆழமான காயமென்றால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பிற்சேர்க்கை: சேவலும் கொத்தினால் என்ன செய்வது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அதே வயதுக் குஞ்சுள்ள வேறு சோடி இருந்தால் அங்கே விடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். முதல் நாள் மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். இல்லையென்றால் கையால் ஊட்டுவதுதான் வழி. குஞ்சுத் தீனிக் கூழ் 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் இரைப்பை வெந்துவிடலாம், ஆறிப்போனால் செமிக்காது. வெப்பமானியை வைத்து அளந்து ஊட்டுங்கள்.