ஊருக்கு எந்த செண்ட்? ஒன்றுபோல மணக்கும் போத்தல்களுக்குள் ஒன்றை எடுப்பது

செண்டைப் பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். விமானம் ஏற அரைமணி இருக்கும்போது விமான நிலையக் கடையில் வாங்கினால், நீங்கள் மோந்து பார்ப்பது முதல் பத்து நிமிட வாசனையை மட்டும்தான். இப்போது வரும் ஆண்கள் செண்டுகளில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்று, கொஞ்சம் மிளகு, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த சுத்தம். எது எதுவென்று பிரிந்து தெரிவது மூன்றாவது மணி நேரத்தில். ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வேனுக்குள். குளிர்நாட்டில் ஐந்து முறை அடித்துப் பழகிய கை, போன இடத்திலும் ஐந்து முறை அடித்தது. வனிலா தூக்கலான செண்ட். பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. இங்கே கோட்டுக்குள் அடங்கிக் கிடந்தது அங்கே வேன் முழுக்க நின்றது. மாமி ஒன்றும் குறை சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, “தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடு” என்றார். அவ்வளவுதான்.

சூட்டில் நடப்பது இதுதான்: தோல் சூடானால் செண்ட் வேகமாக ஆவியாகும். மேலே இருக்கும் எலுமிச்சை வாசனை அரைமணிக்குள் ஓடிவிடும். அடியில் இருக்கும் இனிப்பும் பிசினும் மரமும் ஒரே நேரத்தில் கிளம்பிச் சுற்றிலும் பரவும். ஆகவே ஒன்றுபோல இருக்கும் இரண்டில் எதை எடுப்பது என்று குழம்பினால், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருப்பது எப்படியும் போகப் போகிறது.

முதலில் எல்லோரும் குழம்பும் நீலப் போத்தல் கூட்டம். ஷனெலின் ப்ளூ டி ஷனெல் 2010இல் வந்தது, டியோரின் சவாஜ் 2015இல், வெர்சாசேயின் டிலன் ப்ளூ 2016இல், ஈவ் சென் லோரானின் ஒய் 2017இல். “எல்லாம் ஒன்றுதானே மச்சான்” என்று சொல்லாத நண்பர் இல்லை. காகிதப் பட்டையில் அடித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான். தோலில் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

சவாஜில் பெர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழமும் மிளகும் போன பிறகு மிஞ்சுவது ஆம்ப்ராக்சன். திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பரின் வாசனையை ஒத்த பொருள் இது; இப்போது பெரும்பாலும் கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத் தயாரிக்கிறார்கள். உலர்ந்த, உப்புப் படிந்த, கொஞ்சம் உலோகம் போன்ற மணம். இதில் ஒரு பொல்லாத குணம் உண்டு. போட்டவருடைய மூக்கு சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அடிப்பீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கோ அது போகவே இல்லை. சவாஜ் எடுத்துப் போகிறவர்கள் இரண்டே முறை அடித்துவிட்டுப் போத்தலை மறந்துவிடுவது நல்லது.

ப்ளூ டி ஷனெல் அவ்வளவு சத்தம் போடாது. கிரேப்ஃப்ரூட், இஞ்சி, அப்புறம் அடியில் சாம்பிராணியும் தேவதாருவும். ஆளை அணைத்துக் கதைக்கும் தூரத்தில்தான் தெரியும். பயணம் முழுக்கப் பெரியவர்களைக் கட்டிப்பிடிப்பதும் குழந்தைகளைத் தூக்குவதுமாக இருக்கும் என்றால், சவாஜும் இதுவும் கையில் இருக்கும்போது நான் இதைத்தான் எடுப்பேன். அதிலும் வாசனை எண்ணெய் குறைந்த ஓ டி டாய்லெட் வகையை. ஒய் செண்டின் எண்ணெய் கூடிய வகையான ஓ டி பர்ஃபமில் ஆப்பிளும் சேஜும் முன்னால் நிற்கும்; அடியில் டொங்கா விதையின் இனிப்பு இருப்பதால் பகல் வெயிலில் கொஞ்சம் திகட்டும். டிலன் ப்ளூவில் அத்தியிலையும் ஈரமும் கலந்த ஒரு பச்சை வாசம் இருக்கிறது. நான்கிலும் பெரும்பாலும் விலை குறைந்தது அதுதான். மலிவென்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அன்பளிப்புக்கு வாங்குவதானால் தயங்காமல் இதை வாங்குங்கள்.

ஒரே பெயரில் வரும் வகைகளை ஒரே வாசனையின் கூடுதல், குறைவு என்று நினைக்கவேண்டாம். ஓ டி டாய்லெட்டை விட ஓ டி பர்ஃபமில் வாசனை எண்ணெய் அதிகம் என்பது பொதுவான கணக்கு. முன்னதில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், பின்னதில் 15 முதல் 20 வரை. ஆனால் கலவையையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். 2021இல் வந்த சவாஜ் எலிக்சிரில் கறுவா, ஏலம், சாதிக்காய், அதிமதுரம் எல்லாம் இருக்கிறது. பழைய சவாஜை எதிர்பார்த்து வாங்கினால் வேறொரு ஆளைத்தான் சந்திப்பீர்கள். குளிர்கால இரவுக்கு அருமை. வெயிலுக்கு வேண்டாம்.

வெயிலுக்கென்றே செய்த மாதிரி இருப்பது கடல் கூட்டம். டேவிடாஃபின் கூல் வாட்டர் 1988, இஸ்ஸே மியாகேயின் லோ டி இஸ்ஸே 1994, அர்மானியின் அக்வா டி ஜியோ 1996, பல்காரியின் அக்வா 2005. இவற்றில் பலவற்றில் வரும் கடற்காற்று வாசம் காலோன் என்ற செயற்கைப் பொருளிலிருந்து வருகிறது. தனியாக மோந்தால் கடலும் தர்ப்பூசணியும் கலந்த மாதிரி இருக்கும். கூல் வாட்டர் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதில் புதினாவும் லாவெண்டரும் சேர்ந்த சவர்க்கார வாசம்தான் மேலோங்கும். லோ டி இஸ்ஸே யூசு எலுமிச்சையால் கூர்மையாகத் தொடங்கும், சிலருக்குத் தலையிடிக்கும். பல்காரி அக்வாவில் பாசி படிந்த கடற்கரை. எனக்குப் பிடிக்கும், வீட்டில் இருப்பவருக்குப் பிடிக்காது. பகலுக்கு ஒன்றே ஒன்று என்றால் அக்வா டி ஜியோதான். நீண்ட நேரம் நிற்காது என்று அதைக் குறை சொல்வார்கள். நாளுக்கு இரண்டு முறை குளிக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் நின்று என்ன செய்யப் போகிறது?

அன்னாசியும் புகையும் கலந்த வாசனைக்கு க்ரீட்டின் அவென்டஸைச் சொல்வார்கள்; 2010இல் வந்தது, விலை கையைச் சுடும். அதே பாதையில் போகும் மோன்ட் ப்ளாங்க் எக்ஸ்ப்ளோரர் 2019இல் வந்தது. அருகருகே வைத்து மோந்தால் எக்ஸ்ப்ளோரரில் பழச்சாறு குறைவு, மரம் கூட. வேர்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இனிப்புக் கூட்டத்தை, அதாவது வெர்சாசே ஈரோஸ், ஜான் பால் கோத்தியே லு மால், பாக்கோ ரபான் ஒன் மில்லியன் போன்றவற்றை, வீட்டிலேயே விட்டுப் போங்கள். வேன் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒன்று வெட்டிவேர். உலகம் முழுக்க வெட்டிவர் என்று போத்தலில் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான். எர்மெஸ் நிறுவனத்தின் டெர் டெர்மெஸ் (2006), கெர்லெனின் வெட்டிவர் இரண்டிலும் அந்த வேர் இருக்கிறது. முதலாவது தோடம்பழமும் காய்ந்த மண்ணும்; இரண்டாவது புகையிலையும் சாதிக்காயும் சேர்ந்து பழைய காலத்து அப்பாமார் வாசனை. சூட்டில் இரண்டுமே திகட்டாது. பெரியப்பா, மாமா வயதில் இருப்பவர்களுக்கு நீலப் போத்தலை விட இது பொருந்தும்.

ஒப்பிடுவது எப்படி என்றால், ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று. தேய்க்காதீர்கள். எது எங்கே என்று கைபேசியில் குறித்துவிட்டு வேகமாக நடங்கள், கொஞ்சம் வேர்க்கட்டும். பத்து நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, மூன்று மணி நேரத்தில் ஒரு முறை மோந்து பாருங்கள். கடைசி முறை வேறொருவரிடம் கையை நீட்டுங்கள், உங்கள் மூக்கு அதற்குள் பழகியிருக்கும்.

கட்டும்போது: கைப்பையில், பல விமான நிலையங்களின் விதிப்படி, ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிக்கு மேற்படாமல், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள். பெட்டிக்குள் போடுவதானால் ஒரு போத்தல் அரை லிட்டரைத் தாண்டக்கூடாது. செண்டும் மற்ற ஒப்பனைத் திரவங்களும் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர். மூடியை ஒட்டி, காலுறைக்குள் நுழைத்து, சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். வரியில்லாக் கடையில் வாங்கினால் முத்திரையிட்ட பையை வழியில் விமானம் மாறும்போது திறக்கவே கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும். ஊரில் இறங்கிய பிறகு போத்தலை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாமல், அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.