மூன்று மணி நேரம் இழுத்த ஓகர் சண்டை

பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 4ஆம் பதிப்பில் நான் நடத்தும் ஆட்டத்தில் ஓகர் என்ற ராட்சதர்கள் நான்கு பேரோடு வந்த சண்டை மூன்று மணி நேரம் இழுத்தது. ஓகர் ஒன்றுக்கு 111 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). யாரும் பயப்படவில்லை, பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் ஹிட் பாயின்டைப் பாதியாக்கினேன். சண்டை சீக்கிரம் முடிந்தது, ஆனால் ஹீலிங் சர்ஜ் (இழந்த ஹிட் பாயின்டை மீட்கும் வாய்ப்பு) யாருக்கும் தேவைப்படவே இல்லை. அடுத்த வாரம் ஓகர்களின் ஏசியை (அடி படாமல் காக்கும் எண்) 2 குறைத்துப் பார்த்தேன், அதிலும் அதே சப்பென்ற நிலைதான். அப்புறம் ஓகர்களைக் கூட்டினேன், இன்னும் மோசம்.

கடைசியில் அரக்கர்களின் விவரங்கள் உள்ள 2008 மான்ஸ்டர் மேனுவலையும் 2010இல் வந்த மூன்றாவது தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து ஒரே லெவல், ஒரே வகை அரக்கர்களை ஒப்பிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது: ஹிட் பாயின்ட் பெரிதாக மாறவில்லை, அடியின் பலம்தான் ஏறியிருக்கிறது. பழைய ஓகரின் கதாயுத அடி 1d10+5 (ஒரு பத்துப் பக்கப் பகடையோடு 5), சராசரி 10.5. புதிய கணக்கில் சாதாரண அரக்கனின் சராசரி அடி லெவலோடு 8 கூட்டியது, ப்ரூட் (ஓகர் போன்ற முரட்டு வகை) என்றால் அதற்கு மேல் கால் பங்கு. 8ஆம் லெவல் ஓகருக்கு 20 வருகிறது, 2d10+9 என்று எழுதிக்கொண்டேன்.

பலரும் தவறவிடுவது இதை: பழைய ப்ரூட்டுக்குத் தாக்குதல் எண்ணும் (அடி படுகிறதா என்று பார்க்கப் பகடையோடு கூட்டுவது) குறைவு, லெவலோடு 3 கூட்டியதுதான். அந்த 3ஐ 5 ஆக்க வேண்டும், அதாவது +11 இப்போது +13.

70 சொச்சம் ஹிட் பாயின்ட் உள்ள ஃபைட்டர் முன்பு ஏழு அடி தாங்குவார், இப்போது நாலாவதில் விழுகிறார். 111ஐ அப்படியே விட்டேன். போன சனிக்கிழமை ஒருவரும் போனைத் தொடவில்லை.