வெயிலூரில் மழை வராது என்று யார் சொன்னது? திறந்தவெளிக் கச்சேரியில் நாம் செய்யும் தவறுகள்

வேலூரைப் பற்றி நாமே சொல்லிச் சிரித்துக்கொள்ளும் வரிகள் உண்டு: கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை; ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி இரண்டாவது வரியைப் பொய்யாக்கியது. ஆனாலும் நம் புத்தி மாறவில்லை. திறந்தவெளியில் இசை நிகழ்ச்சி என்றால் விழாக் குழுவின் பேச்சு பாடகர், மேடை, டிக்கெட் விலை என்றே போகும். மழைக்கு என்ன ஏற்பாடு என்று ஒருவர் வாயெடுத்தால், "வேலூரிலா?" என்று சிரிப்பார்கள். டிக்கெட் வாங்குகிறவர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. டிக்கெட் கிடைக்குமா என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டுக் கிடப்பார்கள்; வானத்தைப் பற்றி வாசலில் நிற்கும்போதுதான் யோசிப்பார்கள். டிக்கெட்டும் மழையும் ஒரே கணக்கு. மழை வந்தால் என்ன ஆகும் என்பது, எத்தனை பேருக்கு டிக்கெட் விற்றோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

முதலில் தேதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை எல்லோருக்கும் தெரியும். அப்போது மைதானத்தை யாரும் கேட்பதில்லை. ஏமாற்றுவது ஆடிக் கடைசி முதல் புரட்டாசி வரையுள்ள நாட்கள். பகலெல்லாம் நிலம் காய்ந்து கொதிக்கும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே ஊர்ந்து வரும். மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றை அது சந்திக்கும் இடத்தில் இடிமேகம் கட்டும். அது நம் தலைக்கு மேல் உடைவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு, முன்னிரவில். கச்சேரி சூடுபிடிக்கும் நேரத்தில். பிற்பகல் 3 மணிக்கு அண்ணாந்து பார்த்துவிட்டுத் தார்ப்பாயைத் திருப்பி அனுப்புவது இந்த ஊரில் செய்யவே கூடாத காரியம். ஜமா என்று சொல்லும் கூத்துக் குழுக்களுக்கு இது தெரிந்திருந்தது. வட ஆர்க்காட்டில் பாரதக் கூத்து பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில்தான் நடக்கும்.

சில வருடங்களுக்கு முன் காட்பாடிப் பக்கம் ஒரு செப்டம்பர் மாலை. பாட்டையும் வாத்தியங்களையும் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்சர் கருவிக்கு மேலே சாமியானா கட்டியிருந்தார்கள், சரிவே இல்லாமல், மேசை விரிப்பு மாதிரித் தட்டையாக. ஏழரைக்குத் தொடங்கிய மழை இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் வினை. துணி நடுவில் பானை வயிறாகத் தொங்கியது. பந்தல்காரர் ஒரு சவுக்குக் கழியை எடுத்து அடியிலிருந்து நெம்பினார். "அண்ணே, வேண்டாம், கீழே மிக்சர் இருக்கிறது" என்று ஒலியமைப்புப் பையன் கத்தி முடிப்பதற்குள் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து மேசைமேல் கொட்டியது. அன்றைக்கு மீதிக் கச்சேரி இல்லை. அந்தப் பையன் மிக்சரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் பந்தலில் 20 மில்லிமீட்டர் பெய்து, வழிய இடமில்லாமல் தேங்கினால் 2,000 லிட்டர்; எடை இரண்டு டன். நாலு கழியும் கயிறும் அதைத் தாங்கும் என்று நம்பித்தான் கீழே ஆட்களை நிறுத்துகிறோம். சரிவு வைத்துக் கட்டுவதும், மிக்சருக்குத் தனியாகத் தகரக் கூரை போடுவதும் பெரிய செலவில்லை. கேபிள் இணைப்புகளைத் தரையில் போடாமல் செங்கல்மேல் தூக்கி வைப்பதற்குச் செலவே இல்லை.

மழையைவிடக் காற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், இடிமழைக்கு முன்னால் பாய்ந்து வந்த காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். நம் ஊரிலும் முதலில் வருவது புழுதிக் காற்றுதான். மேடையின் இரு பக்கமும் கட்டிய பெரிய பேனர்கள் அப்போது பாய்மரமாக மாறிக் கம்பங்களையே இழுக்கும். வாழ்த்துச் சொன்னவர் வருத்தப்படுவாரே என்று அதை அவிழ்க்காமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்பதற்குள் 30 விநாடிக்கும் குறைவு என்றால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும், அவ்வளவுதான் கணக்கு. சாமியானாவும் மரமும் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடியை ஏற்றிவிட்ட கார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு அறிவிப்புகள் மாவட்டம் முழுமைக்குமானவை. உங்கள் மைதானத்துக்கு அருகில் மின்னல் இருக்கிறதா என்று பார்க்க 'தாமினி' செயலி உதவும்.

இனி வாசல். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி. மழை தூறியதும் வெளியே காத்திருந்தவர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். வாசலுக்கு அப்பால் இறங்கும் படிக்கட்டு. நான்கு பேர் அந்த நெரிசலில் இறந்தார்கள். மழை வரும்போது உள்ளே இருப்பவர்களைப் பற்றி மட்டும் யோசிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

அதனால்தான் டிக்கெட் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு அரை சதுர மீட்டர் என்பது பிரிட்டனில் நெடுங்காலமாகக் கையாளும் அளவு. அதுவும் மேடை, கடைகள், ஒலிபெருக்கிக் கோபுரம், ஆம்புலன்ஸ் வழி எல்லாவற்றையும் கழித்த பிறகு, மேடை தெரியும் இடத்துக்கு மட்டும். நம் குழுக்கள் மைதானம் முழுவதையும் அளந்து டிக்கெட் அச்சடிக்கின்றன. பிறகு நன்கொடையாளர், வார்டுப் பிரமுகர், மேடைக்கு நாற்காலி தந்தவரின் மைத்துனர் என்று இலவசப் பாஸ் கிளம்பும். டிக்கெட்டுக்கு எண் உண்டு. பாஸுக்கு யாரிடமும் கணக்கில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போகவே முடியாமல் திரும்பினார்கள். அது ஆகஸ்ட் 12-இல் நடக்கவிருந்து, மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி என்பதையும் நினைவில் வையுங்கள். தள்ளிப்போன நிகழ்ச்சிக்குப் பழைய டிக்கெட்டோடு கண்ணை மூடிக்கொண்டு கிளம்பாதீர்கள். வாசல், வண்டி நிறுத்துமிடம், இருக்கை வரிசை மூன்றையும் மறுபடி பாருங்கள்.

டிக்கெட் வாங்கும்போது செய்யும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் பிறப்பவை. 2024 செப்டம்பர் 22 அன்று கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் இசைக் குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றபோது இணைய வரிசையில் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். கிடைக்காத கோபத்தில் பலர் மறுவிற்பனைப் பக்கங்களுக்கு ஓடினார்கள். ஆனால் மூன்றாவது நாள் நிகழ்ச்சி அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. பிறகு அகமதாபாத் நிகழ்ச்சியும் சேர்ந்தது. பெரிய குழு என்றால் கூடுதல் நாள் வர வாய்ப்புண்டு. இரண்டு நாளாவது பொறுக்கலாம். வரிசை எண் வந்தபின் பக்கத்தைப் புதுப்பித்து இடத்தை இழப்பதும் இந்தப் பொறுமையின்மைதான்.

நம் ஊர் நிகழ்ச்சிகளுக்கு இந்தப் பதற்றம் தேவையே இல்லை. "சில டிக்கெட்டுகளே மீதம்" என்ற சிவப்பெழுத்தை நான் பெரும்பாலும் நம்புவதில்லை. வேலூர்க் கூட்டம் கடைசி இரண்டு நாளில்தான் அசையும். நம்பக் கூடாத இன்னொன்று, தெரிந்தவர் அனுப்பும் டிக்கெட் படம். என் சித்தப்பா மகன் அப்படி ஒரு கியூஆர் படத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்குப் போனான். அதே படத்தை வைத்திருந்த மூன்றாவது ஆள் அவன். முதலில் வந்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். அது எல்லா நிகழ்ச்சிக்கும் கிடைப்பதில்லை. ஏழு மணிக் கச்சேரியை மழை ஒன்றரை மணி நேரம் விழுங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். தொடங்கிய பின் நின்றால் பணம் உண்டா, தள்ளிவைத்தால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா, இந்த இரண்டு வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

கத்திரி வெயிலில் நிகழ்ச்சி வைப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்காதீர்கள். சட்டைப் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று இருக்கட்டும். குடை பல இடங்களில் வாசலிலேயே பிடுங்கப்படும். மழைக்கோட்டு போதும், பின்னால் இருப்பவரின் திட்டும் விழாது.

வீடு திரும்புவது கடைசி. பத்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வதால் யாருக்கும் இணைப்புக் கிடைக்காது. காட்பாடியில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் கடைசிப் பாட்டைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் "வாசலில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் பிரியாதீர்கள். மைதானத்துக்கு எத்தனை வாசல் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எதிரில் ஒரு டீக்கடை இருக்கும். அதன் பெயரைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்.