பழைய டைவ் வாட்ச்: வாங்குவது முதல் நீர்ச் சோதனை வரை

பழைய டைவ் வாட்ச் ஒன்றைக் கையில் எடுத்ததும் கண் முதலில் டயலுக்குத்தான் போகும். ஆனால் பின்மூடியின் ரப்பர் வாஷர் உட்காரும் எஃகு விளிம்பு அரித்துப்போயிருந்தால், டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாட்ச் தண்ணீரைத் தடுக்காது. டயலை மாற்றலாம், முட்களை மாற்றலாம், மெஷினையே மாற்றலாம். குழி விழுந்த விளிம்பை லேசர் வெல்டிங் போட்டு, மறுபடி கடைந்துதான் சரிசெய்ய முடியும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஆகவே கேஸைப் (வாட்சின் உலோகக் கூட்டை) பார்த்து வாங்குங்கள்.

முதல் வாட்சாக சீகோ 6309-ஐப் பரிந்துரைக்கிறோம். 1976 முதல் 1988 வரை வந்த மாடல் இது. 150 மீட்டர் என்று குறிக்கப்பட்டது, 17 கற்கள் (சக்கர அச்சுகளைத் தாங்கும் செயற்கை மாணிக்கங்கள்) கொண்ட, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மெஷின், நாளும் தேதியும் உண்டு. உருண்டு திரண்ட கேஸைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் ‘டர்ட்டில்’ என்று அழைப்பார்கள். 6309-7040, 6309-7049 என்ற இரண்டும் ஒரே வாட்ச்தான். பின்னது வட அமெரிக்கச் சந்தைக்குப் போனது. உதிரிபாகம் கிடைக்கும், மெஷினும் முரட்டு மெஷின். கற்றுக்கொள்கிற கைக்கு இதைவிட நல்ல வாட்ச் இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பின்மூடியில் உள்ள ஆறு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எண்ணுக்குப் பதில் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். 03 என்று தொடங்கினால் 1980 மார்ச். 6, 7, 8 என்று தொடங்கினால் இரண்டு பத்தாண்டுகளில் எதுவாகவும் இருக்கலாம்: 7 என்பது 1977-ஆகவும் இருக்கும், 1987-ஆகவும் இருக்கும்.

அடுத்து கிரவுனை, அதாவது கேஸின் பக்கவாட்டில் உள்ள குமிழை, திருகித் திறந்து, கடைசி நிலை வரை இழுங்கள். 6309 மெஷினில் விநாடி முள் நிற்காது. கிரவுனால் சாவி கொடுக்கவும் முடியாது. முள் நின்றாலோ, சாவி ஏறினாலோ உள்ளே வேறு மெஷின் இருக்கிறது. விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

கிரவுனை மறுபடி திருகி மூடும்போது விரலில் உணர்வதைக் கவனியுங்கள். மரை சீராகப் பிடித்து ஒன்றரை, இரண்டு சுற்றில் இறுக வேண்டும். வழுக்கினாலோ, சாய்ந்து ஏறினாலோ மரை தேய்ந்துவிட்டது. கிரவுன் தேய்ந்திருந்தால் புதிது போடலாம். கேஸில் உள்ள குழாயின் மரை போயிருந்தால் வாங்காதீர்கள்.

டயலில் உள்ள ஒளிப்பூச்சும் முட்களின் ஒளிப்பூச்சும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். டயல் மஞ்சளாகவும் முள் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருந்தால், ஏதோ ஒன்று புதிது. மாற்று டயல்கள் இந்த மாடலுக்கு ஏராளம். எழுத்துகளின் ஓரம் லென்ஸில் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மலிவான மாற்று டயலில் மை பரவியிருக்கும். மாற்று பாகம் போட்டது குற்றமில்லை. அதை அசல் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

விற்பவரிடம் பின்மூடி திறந்த படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள். ஸ்டெம் (கிரவுனின் தண்டு) நுழைகிற இடத்தைச் சுற்றித் துரு இருந்தால் கிரவுன் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. தேதிச் சக்கரத்தில் பழுப்புக் கறை இருந்தாலும் அதே கதைதான். படம் தர மறுத்தால் வேறு வாட்ச் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1950-கள், 60-களின் முற்பகுதியைச் சேர்ந்த வாட்ச்களின் ஒளிப்பூச்சில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்க வேண்டாம்.

திறப்பது

தேவையான கருவிகள்: பின்மூடி திறக்கும் மூன்று கால் சாவி, 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை நான்கு திருப்புளிகள், நுனி கூர்மையான சாமணம், முள் எடுக்கும் நெம்பு ஜோடி, 10 மடங்கு லென்ஸ், காற்று ஊதும் ரப்பர் பந்து, விரல் உறைகள், மூடியுள்ள சிறு தட்டு. திருப்புளியின் முனை திருகின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். சிறியதைப் போட்டால் பள்ளம் சிதையும், திருப்புளி வழுக்கிப் பக்கத்துச் சக்கரத்தைக் கீறும்.

பின்மூடி அசையவில்லையென்றால் சாவியின் மேல் பலத்தைக் காட்டாதீர்கள். வாட்சைக் குப்புற வைத்து, மூடியின் ஓரத்தில் துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெய் ஒரு சிறு துளி விட்டு, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டுத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

மெஷினை எடுக்க ஸ்டெம்மை விடுவிக்க வேண்டும். ஸ்டெம் அருகே லீவரில் சிறு புள்ளிப் பள்ளம் தெரியும். அதை மெல்ல அழுத்தியபடி கிரவுனை இழுத்தால் ஸ்டெம் வெளியே வரும். வேகமாக அழுத்தினால் லீவர் இடம் மாறி, டயலுக்கு அடியில் உள்ள நேரம் திருத்தும் பாகங்கள் கலைந்துவிடும். பிறகு காலண்டர் பக்கம் முழுவதையும் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

முட்களை எடுக்கும் முன் டயலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்புங்கள். மூன்று முட்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படுத்தி, இரு பக்கமும் நெம்பு வைத்து ஒரே சமயத்தில் தூக்குங்கள். பழைய ஒளிப்பூச்சு காய்ந்து வெடித்திருக்கும். முள்ளை வளைத்தால் உதிர்ந்து மெஷினுக்குள் விழும்.

கேஸ்: மொத்த வேலையின் மையம்

பெசலின் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையத்தின்) ஓரத்தில் ஒட்டும் நாடா சுற்றிக் கேஸைப் பாதுகாத்து, மழுங்கிய கத்தியை இடுக்கில் நுழைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் பெசல் வளையும். அடியில் பல ஆண்டு அழுக்கும் உப்பும் கெட்டியாக இறுகியிருக்கும். கண்ணாடியையும் எல்லா ரப்பர் வளையங்களையும் எடுத்த பிறகு, வெறும் கேஸைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷாலும் பல்குத்தும் குச்சியாலும் சுரண்டுங்கள். அங்கே இரும்பு ஊசி வேண்டாம். அது போடும் கீறலே நாளைக்குத் தண்ணீருக்கு வழியாகும்.

காய்ந்ததும் பின்மூடியின் வாஷர் தொடுகிற வட்டத்தை லென்ஸ் வழியாக, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, முழுச் சுற்றும் பாருங்கள். தனித்தனிப் புள்ளிக் குழிகள் ஓரளவு பரவாயில்லை. வாஷர் அவற்றின்மேல் அமுங்கி மூடிக்கொள்ளும். வட்டத்தின் உள்ளோரத்திலிருந்து வெளியோரம் வரை குறுக்கே ஓடும் குழிதான் ஆபத்து. வாஷரை எவ்வளவு இறுக்கினாலும் அதற்கு அடியில் ஒரு கால்வாய் திறந்தே இருக்கும்.

துருப்பிடிக்காத எஃகு அங்கே மட்டும் அரிப்பதற்குக் காரணம் உண்டு. எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வாஷருக்கு அடியில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, குளோரைடு சேர்கிறது, படலம் உடைகிறது. கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசாத வாட்ச்களில் இது பெரும்பாலும் தெரியும்.

பாலிஷ் போடாதீர்கள். கேஸின் கோடுபோட்ட பரப்பும் மினுக்கிய பரப்பும் சந்திக்கும் விளிம்புதான் அந்த வாட்சின் முகம். பஞ்சுச் சக்கரத்தில் ஒருமுறை தேய்த்தால் அந்த விளிம்பு உருண்டுவிடும், திரும்ப வராது.

எல்லா வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும்: பின்மூடி, கண்ணாடி, பெசல், கிரவுன். கிரவுனுக்குள் உள்ள வளையத்தைத் தனியாக மாற்றுவது சிரமம். தொடங்குபவர்கள் கிரவுனையே மாற்றிவிடுவது நல்லது. சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். அதிகமானால் வழிந்து டயலுக்கு வரும், தூசியையும் சேர்க்கும்.

மெஷின் சர்வீஸ்

பயிற்சிக்கான பழைய வாட்ச் ஒன்றை மூன்று நான்கு முறை பிரித்துச் சேர்த்த பிறகே இதைத் தொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள்.

ரோட்டரை (கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடைத் தகட்டை) கழற்றியதும் முதல் வேலை மெஷினை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. ஸ்பிரிங்கைச் சுருட்டும் ராட்செட் சக்கரத்தின் திருகில் திருப்புளியை அழுத்திப் பிடித்து, அது பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி, விசையை மெல்ல விடுங்கள். இதைச் செய்யாமல் பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் சிறு கவையை) எடுத்தால், தடை நீங்கிய சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று பிவட்டுகளை (அச்சு நுனிகளை) உடைக்கும்.

காலண்டர் பக்கத்தில் நாள் தட்டைப் பிடித்திருக்கும் சிறு கிளிப் பறந்துபோவதற்குப் பேர்போனது. வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் மெஷினையும் கைகளையும் வைத்துக் கழற்றினால் பறந்தாலும் பைக்குள்ளேயே இருக்கும்.

கழுவி உலர்த்திய பின் எண்ணெய். வேகமாக இயங்கும் பேலன்ஸ் (இருபுறமும் ஆடும் சக்கரம்), எஸ்கேப் வீல் (பேலட் ஃபோர்க் தடுத்து விடும் பற்சக்கரம்) பிவட்டுகளுக்கு மோபியஸ் நிறுவனத்தின் 9010. மெதுவாக, பாரத்தோடு சுழலும் பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளை), நடுச்சக்கரம் போன்றவற்றுக்கு மோபியஸ் டி5. பேலட் ஃபோர்க்கில் உள்ள கற்களின் முகத்துக்கு 9415. பேலட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கு எண்ணெய் கூடாது. பேரலின் உட்சுவருக்கு 8217 போன்ற பிடிப்புள்ள கிரீஸ். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் முழுதாக ஏறியதும் சுவரில் வழுக்க வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் முன்கூட்டியே வழுக்கி, இரவில் கழற்றிவைத்த வாட்ச் காலையில் நின்றிருக்கும்.

வாட்சின் ஓட்டத்தை ஒலியால் அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் மணிக்கு 21,600 துடிப்பு என்று அமையுங்கள். முழு விசையில் டயல் மேல்நோக்கிய நிலையில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஆடும் வீச்சு) 220 டிகிரிக்கு மேல் வந்தால் இந்த மெஷினுக்கு நல்ல நிலை. 200-க்குக் கீழே இருந்தால் எங்கோ அழுக்கோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ இருக்கிறது. நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடினால் ரெகுலேட்டரை (வேகம் திருத்தும் நெம்பை) தொடும் முன், காந்தம் ஏறியிருந்தால் அதை நீக்குங்கள். காந்தமேறினால் ஹேர்ஸ்பிரிங்கின் (பேலன்ஸில் உள்ள மெல்லிய சுருள்) சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு, இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை கிரவுனால் நாளையோ தேதியையோ மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் காலண்டர் பற்கள் ஏற்கெனவே பிணைந்திருக்கும். திருப்பினால் பல் உடையும்.

நீர்ச் சோதனை

மெஷினை உள்ளே வைக்கும் முன், வெறும் கேஸை மூடிச் சோதியுங்கள். நீர் அழுத்தச் சோதனைக் கருவியில் வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு 3 பார் (சுமார் 30 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம்) காற்றழுத்தம் கொடுத்துச் சில நிமிடங்கள் விடுங்கள். பிறகு நீரில் இறக்கி அழுத்தத்தை மெல்லக் குறையுங்கள். ஓரிடத்திலிருந்து தொடர்ந்து குமிழ் வந்தால் கசிவு அங்கேதான். உடனே வாட்சை நீரிலிருந்து மேலே தூக்குங்கள். நீருக்குள்ளேயே விட்டால் காற்று வெளியேறிய வழியில் தண்ணீர் உள்ளே போகும்.

மெஷினோடு மூடிய பின் ஆவிச் சோதனை. வாட்சை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் 18 முதல் 25 டிகிரி வெப்பநிலையில் உள்ள நீர்த்துளி ஒன்றை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உட்பக்கம் பனி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

டைவ் வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம், குறிக்கப்பட்ட ஆழத்தின் அழுத்தத்தைப் போல் 1.25 மடங்கில் சோதிக்கச் சொல்கிறது. 150 மீட்டருக்கு அது 18 பாருக்கும் மேல். வீட்டுக் கருவி 3 பாரிலோ 6 பாரிலோ நின்றுவிடும். ஆகவே சோதனையில் தேறினாலும் கைகழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். ஆழத்தில் மூழ்கும்போது நேரம் பார்க்க இந்த வாட்சை நம்பாதீர்கள். சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

எப்போதாவது கண்ணாடியின் உட்பக்கம் ஆவி தெரிந்தால், அரிசிக்குள் புதைப்பதெல்லாம் வேண்டாம். அன்றே பின்மூடியைத் திறந்து, மெஷினை வெளியே எடுத்து உலர்த்துங்கள். உப்புநீர் புகுந்திருந்தால் உலர்த்தினால் மட்டும் போதாது. பிரித்துக் கழுவ வேண்டும். முதலில் துருப்பிடிப்பது ஸ்டெம், அதற்கடுத்து மெல்லிய எஃகு ஸ்பிரிங்குகள்.