குழந்தையின் வளர்ச்சியை வீட்டிலேயே குறித்து வைப்பது எப்படி? (பிறப்பு முதல் 2 வயது வரை)

இதற்குத் தேவையானவை நான்கே: தாய் சேய் நல அட்டை (வளர்ச்சி வரைபடம் இதில்தான் இருக்கும்), பென்சில், ஒரு நோட்டு, இழுத்தால் நீளாத இன்ச் டேப். பழைய துணி டேப் வேண்டாம். நாளாக ஆக அது நீண்டுவிடும், தலைச் சுற்றளவில் அரை சென்டிமீட்டர் ஏமாற்றும். மாதம் ஒருமுறை, குழந்தை பிறந்த தேதியிலேயே உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "ஆறு மாசம் நடக்குது" என்றால் முடிந்தது ஐந்து மாதம்தான். வளர்ச்சி வரைபடத்தில் குறிக்க வேண்டியது முடிந்த மாதத்தை. ஐந்து மாதக் குழந்தையின் எடையை ஆறு என்று எழுதப்பட்ட கோட்டில் வைத்தால், நன்றாக வளரும் குழந்தையும் எடை குறைந்ததாகத் தெரியும்.

37 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தைக்கு இன்னொரு கணக்கு உண்டு. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ, அதை வயதிலிருந்து கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரம் கழியும்; அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்போது அதனிடம் நான்கு மாதக் குழந்தையின் வேலைகளை எதிர்பார்த்தால் போதும். இந்தக் கழித்தல் 2 வயது வரை. தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பிறந்த தேதிதான் கணக்கு. "குறைமாதப் பிள்ளை, தள்ளிப் போடலாம்" என்று நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள்.

எடை, நீளம், தலை

எடை பார்க்கும்போது உடம்பில் துணி இருக்கக் கூடாது, டயப்பரும் கூடாது. நனைந்த டயப்பர் 200 கிராம்கூட இருக்கும். முதல் மூன்று மாதத்தில் நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். அதாவது ஒரு வாரம் முழுக்கக் குழந்தை ஏறும் எடையை ஒரு டயப்பர் ஒரே நாளில் காட்டிவிடும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உள்ள குழந்தைகளுக்கான எடைக்கருவியே நல்லது. வீட்டில் பெரியவர்கள் ஏறும் டிஜிட்டல் மெஷின்தான் இருக்கிறதென்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் படியில் காட்டுபவை. மாதக் கணக்குக்கு உதவும், வாரக் கணக்குக்கு உதவாது. எந்தக் கருவியானாலும் மாதாமாதம் அதே கருவியில் பாருங்கள்.

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும். 3 கிலோவில் பிறந்த குழந்தை நான்காம் நாள் 2.8 கிலோ இருந்தால் பதற வேண்டாம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்த்துத் திருத்துவதிலேயே சிக்கல் தீரும். பால் மாவு டப்பாவைத் தேடி ஓடுவது முதல் வேலை அல்ல.

2 வயது வரை நீளத்தைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். சுவரோரம் தரையில் பாய் விரித்து, உச்சந்தலை சுவரைத் தொடும்படி படுக்க வையுங்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி, உள்ளங்காலில் ஒரு தடித்த புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். குழந்தையை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து புத்தகம் வரை அளங்கள். 2 வயதுக்கு மேல் நிற்க வைத்து அளக்கும்போது சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். அளக்கும் முறை மாறியதன் விளைவு அது. குழந்தை குட்டையாகிவிடவில்லை.

தலைச் சுற்றளவுக்கு டேப் புருவத்துக்குச் சற்று மேலே, பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தின் வழியாகச் சுற்றி வர வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். பிறக்கும்போது 34 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும் தலை, ஒரு வயதில் 45, 46-க்கு வந்துவிடும்.

புள்ளி வைத்துக் கோடு இழுங்கள்

அட்டையில் ஆண் குழந்தைக்கு நீல வரைபடம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. மாற்றி வைத்துவிடாதீர்கள், இரண்டின் அளவுகளும் வேறு. கீழே வயது, பக்கவாட்டில் எடை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு இணையுங்கள். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் எடை குறைவு, ஆரஞ்சு என்றால் மிகவும் குறைவு. இந்த வரைபடங்கள் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளிலிருந்து வந்தவை. அவற்றுக்காக அளக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் உண்டு. "அது வெள்ளைக்காரப் பிள்ளை கணக்கு" என்று தள்ளிவிட முடியாது.

எல்லோரும் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது கோடு போகும் திசை. ஒரு பெண் குழந்தை 4 மாதத்தில் 5.6 கிலோ, 5-இல் 6.0, 6-இல் 6.4 என்று ஏறியது. அப்புறம் 7 மாதத்தில் 6.45, 8 மாதத்தில் 6.5. புள்ளி இன்னும் பச்சையில்தான் இருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோடு படுத்துவிட்டது. வழக்கமாக மாதம் 400 கிராம் ஏறிய குழந்தை இரண்டு மாதத்தில் 100 கிராம்தான் ஏறியிருக்கிறது. இன்னொரு குழந்தை மஞ்சளுக்குச் சற்று மேலேயே இருந்தாலும் வரைபடத்தின் வளைவோடு சேர்ந்தே ஏறுகிறது என்றால், அதன் உடல்வாகு அப்படி. கவலைக்குரியவள் முதல் குழந்தைதான்.

அவளுக்கு என்ன ஆகியிருக்கும்? காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லையென்றால் முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். 6 மாதம் முடிந்து திட உணவு தொடங்கும் நேரத்தில் தருவது பெரும்பாலும் கஞ்சித்தண்ணீரும் பருப்புத் தண்ணீரும்தான். வயிறு நிறையும், சத்து சேராது, அதனால் பால் குடிப்பதும் குறையும். ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்: உணவு வழிந்து ஓடினால் அது தண்ணீர், ஸ்பூனில் ஒட்டி மெதுவாக நழுவினால் சரியான பதம். பருப்பையும் சோற்றையும் மசித்து அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்கள். 6 முதல் 8 மாதம் வரை இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை, நாளுக்கு 2 அல்லது 3 வேளை. 9 மாதத்திலிருந்து அரைக் கிண்ணம் 3, 4 வேளை. தாய்ப்பாலும் தொடர வேண்டும். அடுத்த மாதமும் கோடு நிமிரவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள்

நோட்டின் இன்னொரு பக்கத்தில் குழந்தை புதிதாகச் செய்ததைத் தேதியோடு எழுதுங்கள். நமக்கு இது புதிதல்ல. பிள்ளைத்தமிழின் பருவங்களே ஒரு வளர்ச்சி அட்டவணைதான். ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. ஓராண்டை ஒட்டி வாரானை: தளர்நடை போட்டு வருவது. திருவனந்தபுரத்தில் உருவாக்கி நம் மருத்துவர்கள் பயன்படுத்தும் 17 அம்ச வளர்ச்சி அட்டவணையிலும் கை கொட்டுதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறை எளிது. குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் உரிய வயது வரம்பு அதில் ஒரு பட்டையாக இருக்கும். பென்சிலுக்கு இடது பக்கம் பட்டை முடிந்துவிட்ட எந்த வேலையையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், முறையான பரிசோதனை தேவை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒற்றைத் தேதி கிடையாது, ஒரு வரம்புதான் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிடிக்காமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 9 மாதத்தில் நடக்கிறது, நம் பிள்ளை 16 மாதத்தில் நடக்கிறது என்றால் இரண்டும் சரிதான். தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் கைகளையும் முட்டிகளையும் ஊன்றித் தவழவே இல்லை.

நடக்கப் பழக்க உட்கார வைக்கும் வாக்கர் வாங்காதீர்கள். அதில் குழந்தை நுனிக்காலால் தள்ளுகிறது, சமநிலையைக் கற்பதில்லை. படியிலும் அடுப்பிலும் போய் மோதுகிறது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு விஷயம். அதைத் தள்ள வேண்டுமானால் குழந்தை தன் காலில் நின்றாக வேண்டும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

காது கேட்கிறதா என்று பார்க்கத் தட்டைக் கீழே போடுவார்கள். தரையின் அதிர்வுக்கே குழந்தை திரும்பிவிடும், அது சோதனையே ஆகாது. ஒருவர் முன்னால் விளையாட்டுக் காட்ட, மற்றவர் பின்பக்கம் ஓரடி தள்ளி, கண்ணில் படாமல் காகிதத்தைக் கசக்க வேண்டும். 6 மாதம் முடிந்த குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். "ஆ, ஊ என்று சத்தம் போடுகிறதே" என்று சமாதானம் ஆகாதீர்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் சத்தம் எழுப்பும், பிறகுதான் அது குறையும்.

அடுத்து, விரல் நீட்டுவது. பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது ஒன்று. நிலாவையோ நாயையோ காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். அம்புலி காட்டிச் சோறூட்டும்போது இதைக் கவனிக்கலாம், செல்போன் காட்டி ஊட்டினால் கவனிக்க முடியாது.

காத்திருக்கக் கூடாதவை

3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 5 மாதத்தில் தலை நிற்கவில்லை. 10 மாதத்தில் உட்காரவில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது (இது இடக்கை, வலக்கைப் பழக்கம் அல்ல, மற்ற கை பலவீனமாக இருக்கலாம்). ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை அல்லது அர்த்தத்தோடு ஒரு சொல்லும் பேசவில்லை. 2 வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்க்கவில்லை. எந்த வயதிலும், வந்த பேச்சோ விளையாட்டோ மறந்துபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் போங்கள், அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, மாவட்ட அளவில் இயங்கும் அரசின் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். சிகிச்சை அங்கே இலவசம்.

போகும்போது அட்டையோடு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முந்தின நாள் வீட்டில் குழந்தை விளையாடுவதை 30 வினாடி போனில் படம் பிடித்து வையுங்கள். புது இடத்தில், புது முகத்தைப் பார்த்ததும் பல குழந்தைகள் வீட்டில் செய்வதில் பாதியைக்கூடச் செய்து காட்டாது.