பிக்கரலும் பைக்கும் பிடிக்க மே மாதப் பயணம்: தேதியில் கோட்டை விட்டவன் சொல்லும் வழி

2019 மே 11, சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். ரொறன்ரோவிலிருந்து நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி, சட்பரிக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில் மூன்று இரவுக்கு மரவீடு எடுத்திருந்தோம். படகில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் துறையில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன மீனுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "பிக்கரல்" என்றேன். துணியைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை வாருங்கள்" என்றார். என் மைத்துனன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

அந்த மூன்று நாளும் பைக் மட்டும்தான் பிடித்தோம். (இருசக்கர வாகனமல்ல, முதலை மூக்கும் ஊசிப் பல்லுமாக நீளமாக இருக்கும் மீன்.) அதன் பிறகு ஆண்டுதோறும் போய்வருகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு நான் பட்டதை வைத்து எழுதுகிறேன். தூண்டில் கட்டுவது, ரீல் சுற்றுவது போன்றவற்றை ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றாலே கற்றுக்கொள்ளலாம், அவற்றுக்குள் போகவில்லை.

முதல் வேலை: மரவீடு அல்ல, மண்டலம்

மரவீட்டைப் பதிவு செய்துவிட்டுச் சட்டத்தைப் படித்ததுதான் என் தவறு. ஒன்ராறியோ மாகாணம் மீன்பிடிக்காக 20 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. திறப்பு நாள் (ஒரு மீனைப் பிடிக்க அனுமதி தொடங்கும் நாள்), எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த நீளம் என்பதெல்லாம் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். கவர்த்தா ஏரிகள் இருக்கும் 17ஆம் மண்டலத்தில் பிக்கரல் மே மாத இரண்டாம் சனிக்கிழமை திறக்கும். என் நண்பர்கள் எல்லோரும் அங்கே போகிறவர்கள். அதைக் கேட்டு நாளைக் குறித்துவிட்டேன். நான் போன ஏரி 10ஆம் மண்டலம். அங்கே மூன்றாம் சனிக்கிழமைதான். பைக் அங்கே ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால் மானம் தப்பியது.

ஆகவே வரிசை இதுதான். ஏரியின் பெயரை மாகாண அரசின் 'ஃபிஷ் ஆன்-லைன்' வரைபடத்தில் தேடி மண்டல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாகாணம் வெளியிடும் விதிச் சுருக்கத்தில் அந்த மண்டலத்தின் பொது அட்டவணையைப் பாருங்கள். அதோடு எழுந்துவிடக் கூடாது. அதற்குக் கீழே விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். உங்கள் ஏரி அதில் இருந்தால் பொது அட்டவணை செல்லாது. அதற்கும் பிறகு மீன் சரணாலயங்களின் பட்டியல். ஏரி திறந்திருந்தாலும், அதில் வந்து விழும் ஆற்றின் வாயில் முட்டையிடும் மீனுக்காகச் சில வாரம் மூடியிருக்கலாம். மூன்றையும் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

இன்னொரு பொறி. மூன்றாம் சனிக்கிழமை பெரும்பாலும் விக்டோரியா தின நீண்ட விடுமுறையோடு சேர்ந்தே வரும். 2026இல் மே 16 சனி, 18 திங்கள் விடுமுறை. ஆனால் மே முதல் தேதியே சனிக்கிழமையாக வந்தால் கணக்கு தப்பும்: 2027இல் திறப்பு மே 15, விக்டோரியா தினம் 24. "லாங் வீக்கெண்டில் போகலாம்" என்று வாயால் பேசி முடிக்காமல் நாட்காட்டியைப் பாருங்கள்.

லைசன்ஸ்

18 முதல் 64 வயது வரை கட்டாயம். அவுட்டோர்ஸ் கார்டு என்ற மாகாண அட்டை ஒன்று, அதன்மேல் மீன்பிடி லைசன்ஸ் ஒன்று. நான் கடைசியாக எடுத்தபோது கார்டு 8.57 டாலர், அனுமதித்த எண்ணிக்கை முழுவதும் வைத்துக்கொள்ள 'ஸ்போர்ட்' லைசன்ஸ் ஓராண்டுக்கு 26.57, குறைவாக வைத்துக்கொள்ள 'கன்சர்வேஷன்' 15.07, வரி தனி. புதியவர்களுக்குக் கன்சர்வேஷனே போதும் என்பது என் கட்சி. முதல் பயணத்தில் அந்த எல்லையைத் தொட்டாலே பெரிய விஷயம்.

மூன்று நாள் தங்கினால் மூன்று நாள் அளவையும் சேர்த்துக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். 10ஆம் மண்டலத்தில் ஸ்போர்ட் லைசன்ஸுக்குப் பிக்கரல் 4. அதில் 46 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுதான் இருக்கலாம். பைக் 6, 61 சென்டிமீட்டருக்கு மேல் இரண்டு, அவற்றிலும் 86ஐத் தாண்டியது ஒன்று மட்டும். இது ஒரு நாளைக்கான அளவு மட்டுமல்ல, கையிருப்புக்கான அளவும்கூட. வீட்டு ஃப்ரீஸரில் கிடப்பதும் கணக்கில் சேரும்.

ஏரியில் எங்கே போவது

என்னிடம் இருக்கும் சாமான்களில் மிக மலிவானதும் நான் விட்டுக்கொடுக்காததும் கயிற்றில் கட்டிய ஒரு வெப்பமானி. சோனார் கருவிக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

பைக் பனி உருகும்போதே, வெள்ளம் ஏறிய புல்வெளிகளில் முட்டையிட்டுவிடும். பிக்கரல் சற்றுப் பிந்தி, தண்ணீர் 6 முதல் 9 டிகிரிக்கு வரும்போது கல்லும் நீரோட்டமும் உள்ள இடங்களில் முட்டையிடும். மே நடுவில் இரண்டும் முடிந்து, பசியோடு திரியும் காலம். பைக்குக்கு வடகரையில் உள்ள ஆழமற்ற குடாக்களைத் தேடுங்கள்: தெற்கு வெயில் நேராக விழும், அடி கறுத்த சேறாக இருந்தால் இன்னும் விரைவாகச் சூடேறும். ஏரியின் நடுவில் 8 டிகிரி இருந்த ஒரு மதியம் அப்படிப்பட்ட குடா ஒன்றில் 13 காட்டியது. இடுப்பளவுத் தண்ணீர், போன வருடத்துப் பழுப்பு நாணல். முதல் வீச்சிலேயே பைக்.

பிக்கரல் வேறு சுபாவம். இதன் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கலில் நன்றாகப் பார்க்கும், வெயிலை விரும்பாது. தெளிந்த பகலில் அதைத் தேடி அலைவதை விட்டுவிட்டுத் தூங்குங்கள். மாலை ஏழுக்குப் படகை எடுங்கள். அங்கே மே நடுவில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். ஆறு ஏரியில் சேரும் இடத்துக்கு அருகே, இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்தில் கல்லடி இருந்தால் அங்கே நில்லுங்கள். லேசாக அலையடிக்கும் நாளென்றால் பகலிலும் கடிக்கும்.

சாமான்

ஆறரை அடி நடுத்தரக் கோல், 2500 அளவு ரீல், எட்டு இறாத்தல் தங்கூசி (தூண்டில் நூல்). பிக்கரலுக்கு 3.5 கிராம், 7 கிராம் ஜிக் தலைகள் (தூண்டில் முள்ளோடு சேர்ந்த பாரமான தலை) பத்துப் பன்னிரண்டு, வெள்ளையிலும் எலுமிச்சைப் பச்சையிலும் சுருள்வால் ரப்பர். பைக்குக்குச் சிவப்பு வெள்ளைக் கரண்டி (கரண்டி வடிவ உலோக இரை) இரண்டு, மீனின் பல் அறுக்காமலிருக்கத் தங்கூசி நுனியில் கட்டும் கம்பி லீடர், நீண்ட மூக்குக் குறடு, ரப்பர் பூசிய வலை. நைலான் முடிச்சு வலையில் மும்முனைத் தூண்டில் சிக்கினால் அதை எடுக்கவே அரை மணி நேரம் போகும். கடைக்காரர் காட்டும் மிச்சப் பெட்டிகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உயிர் மீன் இரையையும் அட்டையையும் ரொறன்ரோவில் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள். இரைக்கும் மண்டலங்கள் உண்டு. எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். ஏரிக்கு அருகில் வாங்கி, ரசீதைப் பணப்பையில் வையுங்கள். வெளியூர்க்காரர் இரண்டு வாரத்துக்குள் அதைப் பயன்படுத்தி முடிக்க வேண்டும். மிஞ்சியதைத் தண்ணீரிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக் கூடாது.

உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள். எட்டு டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சுத் திணறும், பிறகு கை வழங்காது. நீச்சல் தெரிந்தவனுக்கும் அப்படித்தான்.

ஜிக் போடுவது

இங்கேதான் நான் இரண்டு வருடம் திணறினேன். வீசிவிட்டு வேக வேகமாகச் சுற்றினேன், ஒன்றும் கடிக்கவில்லை. செய்ய வேண்டியது: ஜிக்கை அடி தொடும்வரை விடுங்கள். தங்கூசி தளரும், அதுதான் அடையாளம். கோலின் நுனியை ஒரு சாண் உயர்த்துங்கள். மெல்ல இறக்குங்கள். இறங்கும்போது தங்கூசியை முழுவதும் தளரவிடாதீர்கள், ஏனென்றால் மீன் கவ்வுவது இறங்கும்போதுதான். பெரிய இழுவை எதுவும் இருக்காது. 'டக்' என்று ஒரு தட்டு, அல்லது ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு பாரம். அடியில் கல்லோ என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டுங்கள். கல்லென்றால் இரண்டு டாலர் நட்டம்.

ஜிக் தங்கூசியோடு துண்டாகப் போய்விட்டால் அது பைக்கின் வேலை. பிக்கரலுக்குக் கம்பி லீடர் கட்டினால் கடி குறைகிறது என்பது என் அனுபவம். நான் ஒரு முழ நீளத்துக்கு இருபது இறாத்தல் ஃப்ளோரோகார்பன் தங்கூசி கட்டுகிறேன். அதையும் மீறி வருடத்துக்கு நாலைந்து ஜிக் பைக்குக்குக் காணிக்கைதான்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

மீனைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பட்டை தோலை விட்டுவையுங்கள். எந்த மீன், எத்தனை என்று வழியில் சோதிக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். பெரிய பைக்கையும் பெரிய பிக்கரலையும் விட்டுவிடுவது என் வழக்கம்: முட்டையிடும் தாய் மீன் அவைதான், பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பதும் அவற்றில்தான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் எந்த ஏரியின் மீனை எத்தனை முறை உண்ணலாம் என்பதற்கு மாகாணம் தனி வழிகாட்டி வைத்திருக்கிறது.

பிக்கரலைப் பொரியுங்கள். பைக்கில் 'ஒய்' வடிவ முள் வரிசை இருக்கிறது, அதனால் பலர் தூக்கி எறிகிறார்கள். நான் பைக்கை அம்மாவிடம் கொடுத்தேன். புளி கரைத்துக் குழம்பு வைத்தார். "பிக்கரல் பஞ்சுபோல இருக்கிறது, இதுதான் மீன்" என்றார்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் விதிச் சுருக்கத்தில் 'பிக்கரல்' என்று தேடிப் பார்த்து, இல்லை என்றதும் அதற்குத் தடையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். என் தவறுதான். பிக்கரல் என்பது ஒன்ராறியோக்காரர்களின் பேச்சுப் பெயர். சட்டத்தில் அது 'வோல்ஐ'. அந்தப் பெயரில் தேடுங்கள்.

இன்னொருவர் கறுப்பு ஈயைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார். மே நடுவில் தொடங்கும். காதுக்குப் பின்னாலும் தலைமயிர் ஓரத்திலும் இரத்தம் வரக் கடிக்கும். வெளிர் நிறச் சட்டை, தலைக்கு வலைத்தொப்பி. கறுப்பு நிற ஜாக்கெட்டில் வந்த என் மைத்துனன் இரண்டாம் நாள் படகிலிருந்து இறங்கவே இல்லை. கரையைவிட நடு ஏரியில் ஈ குறைவாம்.